தீராத வயிற்றுவலி

டெல்டா மாவட்டச் செய்திப் பக்கங்களைத் தினமும் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வாசகம் மனப்பாடமாகியிருக்கும். தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். பல இடங்களில் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லை. இதனால் மனமுடைந்து காணப்பட்டார். அதற்கு அடுத்த வரி எல்லோருக்கும் தெரியும். பெயரும் வயதும் மாறும். ஊர் இன்றைக்குப் பாபநாசம் என்றால் நாளைக்கு மன்னார்குடி, நாளன்றைக்கு வேதாரண்யம். வயிற்றுவலி மட்டும் மாறுவதே இல்லை.

இந்த வாசகத்தை மூன்று விதமாகப் படிக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் நடைமுறை தெரிந்தவர், குடும்பச் சண்டையை மறைக்க வீட்டார் எழுதிக்கொடுத்த காரணம் என்பார். மனநல மருத்துவர், கண்டறியப்படாத மனச்சோர்வு வயிற்றின் வழியாகப் பேசியிருக்கிறது என்பார். நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர் படித்தால் முதலில் கேட்பது வேறு: அந்த ஆளுக்கு உண்மையிலேயே வயிறு வலித்திருக்கலாமே, யாராவது நம்பினார்களா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். இவர்களில் 31.7 சதவீதத்தினர் குடும்பப் பிரச்சினை என்ற தலைப்பின் கீழும் 18.4 சதவீதத்தினர் நோய் என்ற தலைப்பின் கீழும் வருகிறார்கள். நோய் என்ற தலைப்புக்குள் மனநோய் தனி, ‘பிற நீடித்த நோய்கள்’ தனி. நம் வயிற்றுவலிக்காரர் எந்தக் கட்டத்தில் விழுவார் என்பது அன்றைக்கு விவரம் எழுதியவரின் பேனாவைப் பொறுத்தது. மருத்துவத்திலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். பரிசோதனையில் ஒன்றும் அகப்படாத நோயை உடம்பின் கணக்கில் எழுதுவதா, மனசின் கணக்கில் எழுதுவதா? மனசின் கணக்கில் எழுதப்பட்டவர்கள் அதை ஏற்க மறுக்கிறார்களே, அந்த மறுப்பில் நியாயம் உண்டா?

இந்தக் கேள்வி எனக்கு என் அத்தை வழியாக வந்தது. நடவு செட்டில் முதல் ஆள் அவர். 2006இல் நாடெங்கும் சிக்குன்குனியா பரவி, சந்தேக நோயாளிகள் மட்டும் 13.9 லட்சம் பேர் என்று அரசு கணக்குச் சொன்ன ஆண்டில், அத்தையும் காய்ச்சலில் விழுந்தார். காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது. மணிக்கட்டும் கணுக்காலும் விடவில்லை. காலையில் செம்பைப் பிடித்துத் தூக்க இரண்டு கையும் வேண்டும். வலியைவிட அவரை முடக்கியது அசதி. ஒரு நாள் முழுக்க நட்டால் அடுத்த இரண்டு நாள் பாயை விட்டு எழ முடியாது. வருஷங்கள் ஓடின. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை ஒன்றில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனைத் தாளும் சேர்ந்துகொண்டே போயின. எல்லாவற்றிலும் ‘நார்மல்’.

ஒரு மருத்துவமனையில் அந்தப் பையைப் பிரித்துப் பார்த்த டாக்டர், ‘உடம்புல ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுதான்’ என்று சொல்லி மாத்திரை எழுதினார். நான் கூட இருந்தேன். வெளியே வந்து பஸ் ஏறும் வரை அத்தை பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு சொன்னார்: ‘மனசுதான்னு சொன்னாரே, மனசுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டாராடா?’

இந்த விவகாரத்தில் நான் பிறகு படித்த எதுவும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை. ஆனால் அத்தைமேல் உள்ள பாசத்தால் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு பலம் நிறையவே இருக்கிறது.

விக்ரம் படேலும் அவர் குழுவினரும் கோவாவில் 18 முதல் 50 வயது வரையிலான பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கலந்துகொண்டவர்கள் 2,494 பேர். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்த அசதி இருப்பதாகச் சொன்னவர்கள் 12.1 சதவீதம். நம்மில் யாரைக் கேட்டாலும், ரத்தம் இல்லை, அதனால் அசதி என்போம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆனால் கோவாவில் ஹீமோகுளோபின் அளவுக்கும் அசதிக்கும் தொடர்பு தென்படவில்லை. வறுமை, பசி, எழுத்தறிவின்மை, கணவனின் பாலியல் வன்முறை, மனநலக் குறைவு ஆகியவைதான் அசதியோடு வலுவாக ஒட்டி நின்றன. வெள்ளைப்படுதல் பற்றி அதே குழு நடத்திய ஆய்விலும் மனத்துயரும் குடும்பச் சூழலுமே மிக வலுவான தொடர்பு காட்டின. நம் பக்கத்தில் ‘வெள்ளை பட்டு உடம்பு உருகிப்போச்சு’ என்று சொல்லாத கிராமம் கிடையாது என்பதால் இந்த முடிவு நமக்கும் பொருந்திப் பார்க்க வேண்டியது.

இலங்கையில் அதுல சுமதிபால, காரணம் புலப்படாத உடல் உபாதைகளுடன் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வந்த 68 பேரிடம் நடத்திய சிறிய சோதனை 2000இல் வெளியானது. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் உளச்சிகிச்சை பெற்றவர்களுக்கு உபாதைகள் குறைந்தன, ஆஸ்பத்திரிக்கு அலைவதும் குறைந்தது. ‘மனசு என்று சொன்னால் கோபப்படுகிறீர்களே, பலன் கிடைக்கிறதே’ என்று கேட்பவர் வெறுங்கையோடு கேட்கவில்லை.

இனி இந்த வாதத்தை உரசிப் பார்க்கலாம்.

முதலில் கோவா ஆய்வு. ஒரே காலத்தில் ஒருவரிடம் எல்லாவற்றையும் கேட்டு எடுத்த கணக்கு, எது முன்னால் வந்தது என்று சொல்லாது. மனம் சோர்ந்ததால் உடம்பு அசந்ததா, வருஷக்கணக்கில் அசந்து கிடந்ததால் மனம் சோர்ந்ததா? பசியும் அடியும் இரண்டுக்கும் மூலமாக இருக்கலாம். ஆய்வாளர்கள் கவனமாகத்தான் எழுதினார்கள். அது ஆஸ்பத்திரி மேசைக்கு வந்து சேரும்போது ‘தொடர்பு’ என்ற சொல் ‘காரணம்’ ஆகிவிடுகிறது, ‘வறுமையும் வன்முறையும்’ என்ற பாதி உதிர்ந்து ‘மனசு’ மட்டும் மிஞ்சுகிறது. அந்த ஆய்வை முழுசாகப் படித்த டாக்டர் அத்தையிடம் கேட்டிருக்க வேண்டியது: நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா?

அடுத்து, மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். உலகம் முழுக்க வழக்கில் இருக்கும் பி.எச்.க்யூ–9இல் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3 மதிப்பெண். 10 வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்வது வழக்கம். இந்த ஒன்பதில் தூக்கம், அசதி, பசி, கவனம், அசைவு மந்தம் என்று ஐந்து கேள்விகள் உடம்பு நோயாளிக்கும் ‘ஆமாம்’ என்ற பதிலையே வரவழைக்கும். ஐந்துக்கும் முழு மதிப்பெண் விழுந்தால் 15. சந்தோஷமான மனசோடு, வலிக்கிற மூட்டோடு, தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பவர் இந்தக் கணக்கில் மனச்சோர்வுக்காரர் ஆகிவிடலாம். கவலை, நம்பிக்கையிழப்பு பற்றிய கேள்விகளைத் தனியே பிரித்துப் பார்க்கும் மருத்துவர் தப்பிப்பார். கூட்டல் தொகையை மட்டும் பார்ப்பவர் தப்ப மாட்டார்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ‘பரிசோதனையில் ஒன்றும் இல்லை’ என்பதற்கு முன்னால் என்ன பரிசோதனை என்று கேட்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங்கும் அபய் பங்கும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். 92 சதவீதப் பெண்களுக்கு ஏதாவது ஒரு மகளிர் நோயோ பாலியல் நோயோ இருந்தது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு 3.6 நோய்கள். அதற்கு முன்பு எப்போதாவது உள்பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். பார்க்காத இடத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லி வந்திருக்கிறோம் என்றுதான் இதற்குப் பொருள். கோவாவும் கட்சிரோலியும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. துக்கமும் தொற்றும் ஒரே பெண்ணின் உடம்பில் சேர்ந்தே குடியிருக்கும். ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதால் மற்றது இல்லை என்று ஆகாது.

சிக்குன்குனியாவிலும் இதே கதை. மகோண்டே மொழியில் அந்தப் பெயருக்கே வளைந்து போவது என்று பொருள். காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் நீடிக்கும் என்பது ரீயூனியன் தீவில் 2005–06இல் பரவிய நோயைப் பின்தொடர்ந்தவர்களால் நன்கு பதிவு செய்யப்பட்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தாலும் வலி இருக்கும். அத்தையின் பையில் இருந்த எந்தத் தாளும் அவர் சொன்னதை மறுக்கவில்லை. அந்தத் தாள்கள் வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

இந்தத் தகராறு மிகப் பெரிய அளவில் நடந்தது பிரிட்டனில். அங்கே அது ஆவணங்களோடு, தீர்ப்பாயம் வரை போய், முடிவும் கண்டிருப்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

எம்.இ. என்றும் நாள்பட்ட சோர்வு நோய் என்றும் அழைக்கப்படும் நோய் பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பிறகு வரும். சற்று உழைத்தால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு மொத்தமும் சரிந்துவிடும். இதுதான் அதன் அடையாளம். பிரிட்டனின் செல்வாக்குள்ள மருத்துவர்கள் சிலர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: தொற்று போய்விட்டது, ஆனால் உழைத்தால் கெடுதல் என்ற பயம் போகவில்லை, பயத்தால் படுத்தார்கள், படுத்ததால் உடம்பு வலுவிழந்தது. எனவே பயத்தைப் போக்கும் உளச்சிகிச்சையும், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் கொடுத்தால் சரியாகும். இதைச் சோதிக்க 641 நோயாளிகளை வைத்து ‘பேஸ்’ என்ற பெரும் ஆய்வு நடந்தது. 2011இல் லான்செட்டில் முடிவு வந்தது, இரண்டு சிகிச்சையும் பலன் தருகின்றன என்று. உளச்சிகிச்சை, உடற்பயிற்சி இரண்டு பிரிவிலும் 22 சதவீதம் பேர் குணமடைந்தார்கள் என்று 2013இல் ஒரு கட்டுரை.

நோயாளிகள் நம்பவில்லை. நம்பாதது நோயின் குணமே என்றுகூட அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டது. இது மிக ஆபத்தான வாதம். ஒப்புக்கொண்டால் சரி, மறுத்தால் மறுப்பதே நோய் என்று ஆகிவிட்டால், எந்தச் சான்றாலும் அந்த விளக்கத்தைப் பொய்யாக்க முடியாது. பொய்யாக்க வழியே இல்லாத ஒன்றுக்கு அறிவியலில் இடம் இல்லை.

அவர்கள் கோபத்தோடு நிற்காமல் கணக்கைப் படித்தார்கள். உடல் இயக்கத்தை 0 முதல் 100 வரை அளக்கும் அளவுகோலில், 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் ஆய்வில் சேர்க்கப்படுவார்கள். ‘குணம்’ என்பதற்கு முதலில் அறிவித்த எல்லை 85. பிறகு அது 60 ஆகக் குறைக்கப்பட்டது. அதாவது 65இல் சேர்ந்தவர் ஓராண்டுக்குப் பிறகு 60க்கு இறங்கினாலும், அந்த ஒரு அளவுகோலைப் பொறுத்தவரை குணமடைந்தவர். நடவுக்கு ஆள் எடுக்கும்போது வைத்த அளவைக் கூலி கொடுக்கும்போது மாற்றினால் எந்த ஊரில் ஒத்துக்கொள்வார்கள்? அளவை மாற்றியதோடு, யார் எந்தச் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், பலனைச் சொன்னதும் பெரும்பாலும் நோயாளியின் வாய்மொழி. ‘இந்தச் சிகிச்சை உங்களைக் குணப்படுத்தும், நம்புங்கள்’ என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்துவிட்டு, குணமா என்று கேட்டால் கொஞ்சம் கூட்டித்தான் பதில் வரும்.

ஆஸ்திரேலியாவில் இருந்த நோயாளி அலெம் மத்தீஸ் தகவல் உரிமைச் சட்டப்படி மூலத் தரவைக் கேட்டார். தரவை வைத்திருந்த லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் மறுத்தது. 2016இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. முதலில் அறிவித்த எல்லையைக் கொண்டு மறுபடி கணக்கிட்டபோது குணமடைந்தவர்கள் உளச்சிகிச்சையில் 7 சதவீதம், உடற்பயிற்சியில் 4, வழக்கமான மருத்துவக் கவனிப்பில் மட்டும் இருந்தவர்களில் 3. ஆய்வாளர்கள் தங்கள் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவர்களே 2015இல் வெளியிட்ட நீண்டகாலத் தொடர்ச்சியில் பிரிவுகளுக்கிடையே சொல்லத்தக்க வித்தியாசம் மிஞ்சவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2007இல் பரிந்துரைத்த படிப்படியான உடற்பயிற்சியை 2021 அக்டோபரில் நீக்கியது. அதற்கான சான்றுகளின் தரம் குறைவு அல்லது மிகக் குறைவு என்று மதிப்பிட்டது. உளச்சிகிச்சையை நோயோடு வாழத் துணையாக வைத்துக்கொள்ளலாம், குணப்படுத்தும் மருந்தாக அல்ல என்றது.

படுக்கையில் கிடந்தவர்கள் சொன்னது சரியாகவும், பட்டம் பெற்றவர்கள் சொன்னது பிழையாகவும் போன வழக்கு இது. தங்கள் உடம்பு எந்த உழைப்புக்கு எப்படிச் சரிகிறது என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பார்வையும் ஒரு சான்றுதான்.

நோயாளிகள் தரப்பில் வழக்கமாக எடுத்து வைக்கும் இன்னொரு வாதம் எனக்கு அவ்வளவு வலுவாகப் படவில்லை. ‘அல்சரையும் ஒரு காலத்தில் டென்ஷன் என்றுதானே சொன்னீர்கள்?’ என்பது. உண்மைதான். பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் வயிற்றுப்புண்காரர்களின் வயிற்றிலிருந்து ஒரு நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினார்கள். 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் நோபல் பரிசு. நமக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. கோதுமை உண்ணும் வடக்கைவிட அரிசி உண்ணும் தெற்கில் சிறுகுடல் புண் அதிகம் என்பதை மைசூரில் பணியாற்றிய பிராங்க் டோவி பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சோற்று நாட்டில் ‘அல்சர்’ தமிழ்ச் சொல்லாகவே ஆகிப்போனதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இந்தக் கதை, மருத்துவம் முன்பு தவறியது என்பதை மட்டுமே காட்டுகிறது. இந்த நோயாளியின் விஷயத்தில் இப்போது தவறுகிறது என்பதைக் காட்டாது. கிருமி அகப்பட்ட நோய்களைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மனத்துயர் தீர்ந்ததும் தானாகச் சரியான வயிறுகளைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை.

சுமதிபாலவின் இரண்டாவது ஆய்வு 2008இல் வந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. இந்த முறை 150 பேர், பாதிப் பேருக்கு உளச்சிகிச்சை. மற்றப் பாதிக்கு உளச்சிகிச்சை எதுவும் இல்லாமல், பொது மருத்துவரே குறிப்பிட்ட நாளில் வரச்சொல்லி, ஒழுங்காகப் பார்த்து, கேட்டு அனுப்பும் கவனிப்பு. இரண்டு தரப்புக்கும் மூன்று கட்டாயச் சந்திப்புகள். ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். இரு தரப்பும் தேறின, உளச்சிகிச்சை கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. எதுவுமே செய்யாத மூன்றாம் தரப்பு இல்லாததால், காலப்போக்கில் தானாகத் தேறியவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. அதைக் கழித்துப் பார்த்தாலும், ‘தவறான எண்ணத்தைத் திருத்தினோம், அதனால் நோய் போயிற்று’ என்ற விளக்கம் இந்த ஆய்வுக்குப் பிறகு நிற்காது. எண்ணத்தைத் திருத்தாமலே அதே பலன் வந்திருக்கிறதே. தன் சொந்தச் சிகிச்சையின் முந்திய வெற்றியை, தானே கடுமையாகச் சோதித்து, வந்த முடிவை அப்படியே வெளியிட்ட அந்த ஆய்வாளரின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள் இருக்கின்றன. நோயாளி யார், குறை என்ன, என்ன செய்தார்கள் என்ற விவரம் ஆள்வாரியாக. கூடவே அந்த நோயாளியின் கண்ணை அப்படியே வரைந்த வண்ண ஓவியம். சரபோஜி மறைந்தது 1832இல். ஓவியர் ஒருவர் நோயாளியின் எதிரே உட்கார்ந்து அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இலங்கையில் பலித்ததும் ஏறக்குறைய இந்த உட்காரல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சந்தேகப்படும் நோயாளி கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். மனசு என்ற சொல்லுக்குப் பயந்து ஓடுகிறவர் நேராகப் போய் விழுவது சத்து ஊசியிலும் குளுக்கோஸ் பாட்டிலிலும், நான்காவது ஸ்கேனிலும், ‘நரம்புத் தளர்ச்சி’ போர்டிலும். வாரக் கூலி ஒரே மதியத்தில் போய்விடும். இன்னொன்று, உண்மையிலேயே மனச்சோர்வில் இருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைத்தாலே பேச ஆள் உண்டு என்று தெரிந்தும், ‘எனக்கென்ன பைத்தியமா’ என்று அவர்களும் திரும்பிப் போகிறார்கள். விவசாய வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதால் இது உயிர்ப் பிரச்சினை. சென்னை சினேகா அமைப்பின் லட்சுமி விஜயகுமார் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில், தனித்தனிப் பூட்டுப்பெட்டியில் வைக்கும் முயற்சியை நடத்தி 2013இல் முடிவை வெளியிட்டார். சின்ன ஆய்வுதான். ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது: அந்தப் பெட்டி யாரிடமும் ‘உன் வயிற்றுவலி உடம்பா மனசா’ என்று கேட்கவில்லை. காரணம் பற்றிய வழக்கு முடியும்வரை உதவியை நிறுத்தி வைக்கத் தேவையில்லை.

அத்தைக்கு எழுதிய மாத்திரையும் இப்படித்தான். அது அமிட்ரிப்டிலின், குறைந்த அளவு. மனச்சோர்வுக்காக வந்த மருந்து, இன்று நாள்பட்ட வலிக்கும் கொடுக்கிறார்கள், தூக்கமும் வரும். ‘வலி குறைய இது உதவலாம்’ என்று கொடுத்திருந்தால் அத்தை விழுங்கியிருப்பார். ‘எல்லாம் மனசுதான்’ என்ற தீர்ப்போடு கொடுத்ததால், மருந்துக்கடைக்காரர் இது டிப்ரஷன் மாத்திரை என்றதும் வாய்க்காலில் எறிந்துவிட்டார். தேவையில்லாத ஒரு வாக்கியம் தேவையான ஒரு மருந்தைக் கெடுத்தது.

என் தீர்ப்பு இது. மனசே காரணம் என்ற விளக்கத்தை, பரிசோதனைகளின் மிச்சமாகச் சொல்லும்போது, நோயாளி சந்தேகிப்பது முழுக்க நியாயம். கிருமி என்று சொல்ல எவ்வளவு சான்று வேண்டுமோ அவ்வளவு சான்று மனசு என்று சொல்லவும் வேண்டும். இழப்பு, பயம், வன்முறை, நம்பிக்கையிழப்பு ஆகியவற்றைக் கேட்டு, கண்டு சொல்ல வேண்டும். வேறொன்றும் அகப்படவில்லை என்பதைச் சான்றாக வைக்கக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்–5 கையேட்டில், மருத்துவ விளக்கம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் கொண்டு உடல் உபாதையை மனநோய் என்று முடிவு கட்டும் பழைய வழியைக் கைவிட்டது. ஆஸ்பத்திரி மேசைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

மனம் சார்ந்த சிகிச்சைகளை ஒட்டுமொத்தமாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. வலியோடு வாழ, தூங்க, தைரியமாக இருக்க அவை ஓரளவு உதவுகின்றன. அந்த உதவி காரணத்துக்கு அத்தாட்சி ஆகாது. கோடாலித் தைலம் தேய்த்துத் தலைவலி தணிந்தால் தைலக் குறைவால் தலை வலித்தது என்று ஆகாதது போல. உழைப்புக்குப் பின் சரியும் உடம்பை ‘பயப்படாமல் உழை’ என்று தள்ளும் சிகிச்சை மட்டும் வேண்டாம். அதன் கணக்கு பார்த்து முடிந்துவிட்டது. கோவிட்டுக்குப் பிறகு மாதக்கணக்கில் எழ முடியாமல் கிடக்கிறவர்களிடம் அதே தவற்றை மறுபடி செய்யக் கூடாது.

சில வருஷத்துக்கு முன் அத்தை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். புதிதாக வந்திருந்த இளம் பெண் டாக்டர் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ‘நட்டா எத்தனை நாள் படுக்கிறீங்க? காலைலயா சாயங்காலமா அதிகம்? வீட்ல யார் யார் இருக்கா?’ என்று கேட்டிருக்கிறார். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாராம். இது ஏன் இப்படி இருக்கு என்று எனக்குத் தெரியலம்மா, மாசம் ஒரு தடவை வாங்க என்றாராம். அதே பழைய மாத்திரையைத்தான் எழுதினார். அத்தை அரை மாத்திரை போட்டுக்கொள்கிறார். வலி போகவில்லை. இப்போது காலை பதினோரு மணியோடு கரையேறிவிடுகிறார், அரைக்கூலி. மீதி நேரம் வரப்பில் உட்கார்ந்து நாற்று முடி எடுத்துக் கொடுக்கிறார்.

‘என்னன்னு கண்டுபிடிச்சுச்சா அந்தப் பொண்ணு?’ என்று கேட்டேன்.

‘இல்லடா’ என்றார். ‘இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கு.’